திசை இருந்தாலே வெக்டர் ஆகிவிடுமா?

வெக்டர், ஸ்கேலர் பற்றி வடசென்னைப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

அளவும் திசையும் இருந்தால் வெக்டர், அளவு மட்டும் இருந்தால் ஸ்கேலர் என்று படித்தோம். மின்சுற்றில் மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போடுகிறோமே, பிறகு அது ஏன் ஸ்கேலர்? இதைக் கேட்டால் 'அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ' என்கிறார்கள்.
பிளஸ் ஒன் மாணவி, தண்டையார்பேட்டை

மனப்பாடம் பண்ண வேண்டாம். நீங்கள் படித்த வரையறை பாதிதான், அதனால்தான் இடறுகிறது. மீதிப் பாதி இது: வெக்டர் என்றால், கூட்டும்போது முக்கோண விதிப்படி கூட வேண்டும், அதாவது முதல் அம்பின் நுனியில் இரண்டாவது அம்பின் அடியை வைத்து, தொடக்கத்தையும் முடிவையும் சேர்க்கும் மூன்றாவது அம்பே விடையாக வர வேண்டும். ஓர் அளவு வெக்டரா இல்லையா என்று பார்க்க, அதற்குத் திசை இருக்கிறதா என்று தேடாதீர்கள். அதே வகையான இரண்டைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

இரண்டு கம்பிகள் ஒரு சந்தியில் சேர்ந்து மூன்றாவது கம்பியாகப் போகின்றன. ஒன்றில் 3 ஆம்பியர், மற்றதில் 4 ஆம்பியர் சந்திக்குள் வருகிறது. மூன்றாவது கம்பியில் 7 ஆம்பியர் போகும். முதல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள கோணம் 30 டிகிரியோ 90 டிகிரியோ, விடை 7தான். கம்பியை வளைத்தாலும் முறுக்கினாலும் மாறாது. சந்தியில் மின்னூட்டம் தேங்காது, வந்தது அத்தனையும் வெளியே போயாக வேண்டும் என்பதுதான் அங்கே விதி. அந்த விதி கோணத்தைக் கேட்பதே இல்லை.

இப்போது 3 நியூட்டன், 4 நியூட்டன் என்று இரண்டு விசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் இழுத்தால் தொகுபயன், அதாவது இரண்டும் சேர்ந்து தரும் விசை, 7. நடுவே 60 டிகிரி இருந்தால் 6.08. செங்குத்தாக இருந்தால் 5. 120 டிகிரியில் 3.61. நேர் எதிராக இழுத்தால் 1. விசைகளின் அளவு மாறவில்லை, கோணம் மட்டும் மாறியது, விடை மாறிவிட்டது. அதனால் விசை வெக்டர். மின்னோட்டத்துக்குப் போடும் அம்புக்குறி, கம்பி நெடுக இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்கிறது. அதற்கு ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போதும். கம்பிக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் மின்னூட்டம் எந்தத் திசையில் எவ்வளவு பாய்கிறது என்று சொல்ல மின்னோட்ட அடர்த்தி என்று தனியாக ஓர் அளவு இருக்கிறது. அது வெக்டர்.

திசை இருந்தும் வெக்டர் ஆகாத இன்னோர் அளவை உங்கள் இயற்பியல் புத்தகத்தையே வைத்துச் செய்து பார்க்கலாம். புத்தகத்தை மேசையில் அட்டை மேலே தெரியும்படி, தலைப்பகுதி உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி, வழக்கமாகப் படிக்க வைப்பதுபோல வையுங்கள். முதல் திருப்பம்: எதிர்ப்புற ஓரத்தைத் தூக்கி 90 டிகிரி நிமிர்த்துங்கள், அட்டை உங்களைப் பார்க்கும். இரண்டாவது திருப்பம்: மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிராகப் புத்தகத்தை 90 டிகிரி திருப்புங்கள். புத்தகம் நேராக நிற்கும், அட்டை உங்கள் வலப்பக்கம் பார்க்கும், முதுகு (புத்தகம் தைத்த ஓரம்) உங்கள் பக்கம் இருக்கும். பழையபடி படுக்க வைத்து, இதே இரண்டு திருப்பங்களையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள். இப்போது புத்தகம் முதுகின் மேல் நிற்கும், அட்டை உங்களைப் பார்க்கும், தலைப்பகுதி இடப்பக்கம் போயிருக்கும். வெக்டர்களை எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடைதான் வர வேண்டும். இங்கே வரவில்லை. 90 டிகிரி என்று அளவு இருக்கிறது, அச்சு என்று திசையும் இருக்கிறது, ஆனாலும் பெரிய சுழற்சி வெக்டர் இல்லை. மிகச் சிறிய சுழற்சிகளில் வரிசை மாறுவதால் வரும் வித்தியாசம் புறக்கணிக்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் கோணத் திசைவேகத்தை மட்டும் வெக்டராக எடுக்க முடிகிறது.

அழுத்தம் கீழ்நோக்கித்தானே செயல்படுகிறது? அது ஏன் ஸ்கேலர் பட்டியலில் இருக்கிறது?
பத்தாம் வகுப்பு மாணவர், வியாசர்பாடி

கீழ்நோக்கிச் செயல்படுவது எடை. தண்ணீர்த் தொட்டியில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். அங்கே ஒரு சிறு தகட்டை வைத்தால், தகடு எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதற்குச் செங்குத்தாக விசை விழும். திசையைத் தருவது தகட்டின் பரப்பு, அழுத்தம் எண்ணை மட்டும் தருகிறது. தொட்டியின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஏன் சுவருக்குச் செங்குத்தாகக் கிளம்புகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

கிரேனில் இரண்டு கால் ஸ்லிங் (லோடை மாட்டித் தூக்கும் பெல்ட்) போட்டு லோடு தூக்குகிறோம். கால் அகலமாக விரிந்தால் 'பெல்ட்டுக்கு வெயிட் ஏறுது, சின்ன ஸ்லிங் போடாதே' என்று மேஸ்திரி சத்தம் போடுகிறார். லோடு அதே 1 டன்தானே, வெயிட் எங்கிருந்து ஏறும்?
கிரேன் உதவியாளர், மணலி

மேஸ்திரி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. லோடின் நிறை 1 டன், அது ஸ்கேலர், ஸ்லிங்கை எப்படிக் கட்டினாலும் மாறாது. ஸ்லிங்கில் இருக்கும் இழுவிசை வெக்டர். அது ஸ்லிங் போகும் சாய்வில்தான் இழுக்கும். அந்த இழுப்பில் மேல்நோக்கிய கூறு மட்டுமே லோடைத் தூக்குகிறது. கால் சாயச் சாய, மேல்நோக்கிய பங்கு குறைகிறது. ஆனால் இரண்டு காலின் மேல்நோக்கிய பங்கும் சேர்ந்து 1 டன் வந்தே தீர வேண்டும். அதனால் ஒவ்வொரு காலும் கூடுதலாக இழுக்கிறது.

1000 கிலோ லோடு, நடுவில் எடை மையம், இரண்டு காலும் சம நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நேராகத் தொங்கினால் ஒரு காலுக்கு 500 கிலோ. கால்களுக்கு நடுவே 60 டிகிரி என்றால் 577. 90 டிகிரி என்றால் 707. 120 டிகிரியில் ஒவ்வொரு காலும் 1000 கிலோ, அதாவது ஒவ்வொன்றும் முழு லோடையும் தாங்குகிறது. 150 டிகிரிக்கு விரித்தால் 1932. இரண்டு கால் போட்டும் ஒரு காலில் போட்டதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம். (இந்தக் கிலோக் கணக்கை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டனில் வரும்.)

யார்டில் கோணமானி வைத்து அளக்க முடியாது. டேப் போதும். ஒரு கால் ஸ்லிங்கின் நீளத்தையும், லோடில் மாட்டியிருக்கும் இரண்டு கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் பாருங்கள். இரண்டும் சமம் என்றால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம், நடுக்கோணம் 60 டிகிரி. கொக்கித் தூரம் ஸ்லிங் நீளத்தைப்போல 1.4 மடங்கு என்றால் 90 டிகிரி. 1.7 மடங்கைத் தாண்டினால் 120-ஐ நெருங்கிவிட்டீர்கள், அந்தக் கட்டில் தூக்கக் கூடாது. 2 மீட்டர் ஸ்லிங்கில், கொக்கித் தூரம் 2 மீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கிடைமட்டக் கூறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது காலும் வலது காலும் எதிரெதிராக உள்நோக்கி இழுத்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வதால் லோடு பக்கவாட்டில் நகர்வதில்லை. ரத்தானது என்பதற்கு இல்லாமல் போனது என்று பொருளில்லை. 120 டிகிரியில் அந்த உள்நோக்கிய இழுப்பு ஒவ்வொரு பக்கமும் 866 கிலோ. நீளமான மெல்லிய லோடை அது நடுவில் வளைக்கும், ஐ-போல்ட்டை (கொக்கி மாட்டும் வளையமுள்ள போல்ட்) பக்கவாட்டில் மடக்கும். நீளமான ஸ்லிங் போடுங்கள், தலைக்கு மேல் உயரம் இல்லையென்றால் ஸ்பிரெடர் பீம் (கால்களை விரித்துப் பிடிக்கும் குறுக்கு உத்தரம்) போட்டுக் கால்களை நேராகத் தொங்க விடுங்கள். எடை மையம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மேலே சொன்ன எண்கள் செல்லாது. அப்போது அதிக நிமிர்வாக இருக்கும் காலில்தான் அதிக பாரம் விழும்.

படகுக் கணக்கில் சார் ஒருமுறை டேன் போடுகிறார், ஒருமுறை சைன் போடுகிறார். எப்போது எதைப் போட வேண்டும்?
பிளஸ் டூ மாணவர், காசிமேடு

அவை இரண்டு வேறு கேள்விகள். துறைமுகத்துக்கு நேர் கிழக்கே 6 கி.மீ. தள்ளி நங்கூரமிட்ட மிதவை ஒன்று இருக்கிறது. ஃபைபர் படகு தண்ணீரில் மணிக்கு 12 கி.மீ. போகும். நீரோட்டம் வடக்கே மணிக்கு 3 கி.மீ.

முதல் கேள்வி: முகப்பை நேர் கிழக்கே வைத்து ஓட்டினால் படகு எங்கே போய்ச் சேரும்? இங்கே 12-ம் 3-ம் செங்கோணத்தின் இரண்டு பக்கங்கள். ஆகவே டேன். 3-ஐ 12-ஆல் வகுத்தால் 0.25, கோணம் 14.0 டிகிரி, கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி. கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகின் வேகம் 12.4 கி.மீ. அரை மணியில் 6 கி.மீ. கிழக்கே போயிருக்கும், மிதவைக்கு 1.5 கி.மீ. வடக்கே நிற்கும்.

இரண்டாவது கேள்வி: மிதவைக்கே நேராகப் போக முகப்பை எங்கே வைக்க வேண்டும்? இப்போது செல்லும் வழிதான் கிழக்கு, முகப்பு தெற்கே சாய்ந்திருக்கிறது. 12 என்பது கர்ணம் ஆகிவிட்டது. ஆகவே சைன். அதே 0.25, ஆனால் கோணம் 14.5 டிகிரி, கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி. கிழக்கே போகும் கூறு 11.6 கி.மீ., மிதவையை அடைய 31 நிமிடம்.

14.0-ம் 14.5-ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மாற்றிப் போட்டாலும் தவறு கண்ணில் படாது. நீரோட்டம் 6 கி.மீ. என்று வைத்தால் வெளுத்துவிடும்: டேன் போட்டால் 26.6, சைன் போட்டால் 30. படம் வரைந்து, தெரிந்த எண்களில் எது கர்ணம் என்று பார்த்த பிறகே விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். நீரோட்டமும் 12 கி.மீ. ஆகிவிட்டால் நேர் கிழக்கே போகவே முடியாது. சைன் 1-ஐத் தொட்டுவிடும், முகப்பை முழுக்கத் தெற்கே திருப்பினால்தான் இருந்த இடத்திலேயே நிற்கலாம்.

விடையில் '14.5 டிகிரி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். கணக்குப் பாடத்தில் கோணம் கிழக்கிலிருந்து கடிகாரத்துக்கு எதிராக அளக்கப்படும், அதன்படி இது −14.5. படகில் இருக்கும் காம்பஸ் வடக்கிலிருந்து கடிகார வாக்கில் அளக்கும், அதில் இதே திசை 104.5. எங்கிருந்து, எந்தப் பக்கமாக என்று எழுதினால்தான் அது திசை.

மகளுக்குத் தொலைவு, இடப்பெயர்ச்சி சொல்லித் தருகிறேன். வட்டத்தைச் சுற்றி வந்தால் இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. இதனால் என்ன பயன் என்று கேட்கிறாள்.
ஒரு தாய், திருவொற்றியூர்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையையே காட்டுங்கள். அலை கரைக்கு நேராக வராமல் சாய்ந்து வரும்போது, அதன் கரையோரக் கூறு மணலைக் கரை நெடுகத் தள்ளுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மணல் வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கே வருகிறது. கணக்குக்காக, வடக்கே 10 பங்கு, தெற்கே 4 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைவைப்போலத் திசை பாராமல் கூட்டினால் 14 பங்கு மணல் நகர்ந்திருக்கிறது. இடப்பெயர்ச்சியைப்போலத் திசையோடு கூட்டினால் 6 பங்கு, வடக்கே. சென்னைக் கரையை மாற்றியது இந்த நிகர அளவுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது. மணல் வரத்து நின்ற ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையை அரித்தது, கல் கொட்ட வேண்டி வந்தது. 14 என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தால், எந்தப் பக்கம் கரை வளரும், எந்தப் பக்கம் கரையும் என்று சொல்லவே முடியாது.

வெப்பநிலை மைனஸில் போகிறது. அப்படியானால் அதற்குத் திசை உண்டா?
ஒன்பதாம் வகுப்பு மாணவர், பெரம்பூர்

இல்லை. அந்தக் கழித்தல் குறி, பூஜ்யம் என்று நாம் குறித்த இடத்துக்குக் கீழே என்று மட்டும் சொல்கிறது. மின்னூட்டம், நிலை ஆற்றல், வேலை எல்லாவற்றுக்கும் கழித்தல் குறி வரும், எல்லாம் ஸ்கேலர்தான். வெக்டரின் அளவு ஒருபோதும் கழித்தலில் வராது. ஒரு வெக்டரின் கூறு வரலாம்.

கேரம் ஸ்டிரைக்கர் சைடு கட்டையில் பட்டு அதே வேகத்தில் திரும்பினால், முடுக்கம் பூஜ்யம் என்று எழுதினேன். தவறு என்று மார்க் போய்விட்டது.
பதினொன்றாம் வகுப்பு மாணவர், புது வண்ணாரப்பேட்டை

வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறியது. முடுக்கம் திசைவேக மாற்றத்தைப் பொறுத்தது. ஸ்டிரைக்கர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், கட்டையோடு 45 டிகிரி கோணத்தில் மோதட்டும். கட்டை நெடுகப் போகும் கூறு 1.41, கட்டைக்குள் நுழையப் பார்க்கும் கூறு 1.41. மோதியதும் முதல் கூறு அப்படியே இருக்கும், இரண்டாவது திரும்பிவிடும். ஆக மாற்றம் 1.41-இன் இரு மடங்கு, 2.83 மீட்டர்/விநாடி, கட்டைக்குச் செங்குத்தாக, பலகையின் உட்பக்கம் நோக்கி. 2-இலிருந்து 2 போனால் பூஜ்யம் என்பது ஒரு தவறு. 2-ம் 2-ம் சேர்ந்து 4 என்பது இன்னொரு தவறு, நேருக்கு நேர் மோதினால் மட்டும்தான் 4. ஸ்டிரைக்கரின் நிறை 15 கிராம் என்றால் உந்த மாற்றம் சுமார் 0.042 கிலோகிராம் மீட்டர்/விநாடி.

உண்மையான பலகையில் கட்டை கொஞ்சம் ஆற்றலை விழுங்கும். செங்குத்துக் கூறு குறைந்து திரும்புவதால், ஸ்டிரைக்கர் வந்த கோணத்தைவிடக் கட்டையை ஒட்டியே திரும்பும். காயை அடிக்கும்போதும் கூறுதான் வேலை செய்கிறது. பவுடர் போட்ட வழவழப்பில் உராய்வு சொற்பம், அதனால் காய் மீது விழும் விசை, தொடும் நொடியில் இரண்டின் மையங்களையும் சேர்க்கும் கோட்டில் இருக்கும். நின்றிருந்த காய் அந்தக் கோட்டிலேயே கிளம்பும், ஸ்டிரைக்கர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும். ஸ்டிரைக்கர் வந்த திசை அந்தக் கோட்டோடு 60 டிகிரி என்றால், நேராக அடித்தபோது காய்க்குக் கிடைக்கும் வேகத்தில் பாதிதான் கிடைக்கும். ஓரமாக உரசும் கட் ஷாட்டுக்கு ஏன் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

வெக்டரைக் கண்டுபிடித்தவர் யார்?
வாசகர், மாதவரம்

ஒருவரைச் சொல்ல முடியாது. விசைகளை முக்கோணமாக வைத்துப் பார்ப்பது 1586-இல் சைமன் ஸ்டெவினிடமே இருக்கிறது. நியூட்டன் 1687-இல் இணைகர விதியைத் தன் இயக்க விதிகளின் முதல் கிளைத்தேற்றமாக வைத்தார். வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843-இல் குவாட்டர்னியன் என்னும் நான்கு பகுதிகள் கொண்ட எண்களை அமைத்தபோது ஸ்கேலர் பகுதி, வெக்டர் பகுதி என்ற பிரிவு வந்தது. அதிலிருந்து இன்றைய பாடத்தில் இருக்கும் வடிவத்தை 1880-களில் கிப்ஸும் ஹெவிசைடும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள்.

கூறுகள் −3, 4. கால்குலேட்டரில் டேன் தலைகீழ் போட்டால் −53.13 வருகிறது. விடைப்பகுதியில் 126.87 இருக்கிறது.
பாலிடெக்னிக் முதலாமாண்டு மாணவர், கொருக்குப்பேட்டை

4-ஐ −3-ஆல் வகுத்தாலும், −4-ஐ 3-ஆல் வகுத்தாலும் −1.333தான். வகுத்த பிறகு கழித்தல் குறி எதிலிருந்து வந்தது என்று கால்குலேட்டருக்குத் தெரியாது. அது எப்போதும் −90-க்கும் 90-க்கும் நடுவில்தான் விடை தரும். உங்கள் வெக்டர் இடப்பக்கமும் மேலும் போகிறது, இரண்டாம் கால்பகுதி. ஆகவே 180 கூட்ட வேண்டும், 126.87. கிடைமட்டக் கூறு கழித்தலாக இருந்தால் 180 கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைத் தொடங்கும் முன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் மாட்டியிருக்கிறது. கிடைமட்டக் கூறுக்கு எப்போதும் காஸ் என்று பழகிவிடுவதும் ஆபத்து. கணக்கில் கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து தரப்பட்டிருந்தால் கிடைமட்டத்துக்குச் சைன் வரும். மேலே ஸ்லிங் கணக்கில் அப்படித்தான்.

வெக்டர் பெருக்கல் ஏன் இரண்டு வகை? இரண்டிலும் நியூட்டனையும் மீட்டரையும்தானே பெருக்குகிறோம்?
ஐ.டி.ஐ. மாணவர், எண்ணூர்

இயற்கையில் இரண்டு விதத் தேவை இருப்பதால். ஐஸ் பெட்டி வண்டியைக் கயிறு கட்டி 100 நியூட்டன் விசையில் இழுக்கிறீர்கள், கயிறு தரையோடு 60 டிகிரி, வண்டி 10 மீட்டர் நகர்கிறது. நகர்ந்த திசையில் இருக்கும் கூறு மட்டுமே வேலை செய்கிறது: 100 × 10 × 0.5 = 500 ஜூல். இது ஸ்கேலர் பெருக்கல், காஸ் வரும், விடைக்குத் திசை கிடையாது. தலையில் கூடையை வைத்துச் சமதரையில் ஒரே சீராக நடந்தால், கூடையைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு கிடைமட்டம். காஸ் 90 பூஜ்யம் என்பதால் அந்த விசை கூடையின் மேல் செய்யும் வேலையும் பூஜ்யம்.

ஸ்பானரில் கதை வேறு. 25 செ.மீ. ஸ்பானரின் நுனியில் செங்குத்தாக 80 நியூட்டன் கொடுத்தால் திருப்பு விசை 20 நியூட்டன் மீட்டர். அதே 80 நியூட்டனை ஸ்பானரோடு 30 டிகிரி சாய்த்துக் கொடுத்தால் 10தான். ஸ்பானர் நெடுகவே இழுத்தால் பூஜ்யம், போல்ட் அசையாது. இங்கே செங்குத்துக் கூறுதான் பயன்படுகிறது, அதனால் சைன். எந்த அச்சில், எந்தப் பக்கம் திருகுகிறது என்றும் சொல்ல வேண்டியிருப்பதால் விடை வெக்டர், இதுதான் இரண்டாவது வகைப் பெருக்கல். அலகு எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும், திருப்பு விசைக்கு ஜூல் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

திசைக்கு வலக்கை விதி. விரல்களைத் திருகும் வாக்கில் மடக்கினால் கட்டைவிரல் காட்டுவது திருப்பு விசையின் திசை. சாதாரண போல்ட்டை மேலிருந்து பார்த்துக் கடிகார வாக்கில் முடுக்கினால் கட்டைவிரல் கீழே காட்டும், போல்ட்டும் கீழேதான் இறங்கும். பெருக்கும் வரிசை முக்கியம்: முதலில் அச்சிலிருந்து விசை விழும் இடத்துக்கான வெக்டர், பிறகு விசை. மாற்றினால் குறி மாறிவிடும். தேர்வில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வலக்கையில் பேனா இருப்பதால், சும்மா இருக்கும் இடக்கையை மடக்கித் திசை பார்த்துவிடுகிறார்கள், விடை தலைகீழாகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலக்கையால் பாருங்கள்.